மூன்றாம் மாடி, இருபத்தேழாம் நாற்காலி

ஜூன் 1, திங்கள்

என் கையால் மாட்டிய சென்சாரே இன்று என்னைப் பார்த்து ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது.

சரவணம்பட்டிக் கட்டடம், மூன்றாம் மாடிக் கழிவறை. போய் உட்கார்ந்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும், விளக்கு அணைந்தது. அது பழைய வகை. அசைவைப் பார்த்துத்தான் ஆள் இருக்கிறதா என்று முடிவு செய்யும். நான் இந்த விஷயத்தில் அமைதியாக உட்காரும் ரகம். இருட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். வெளிச்சம் வரவில்லை. எழுந்து நின்று ஆட்டினேன். கதவுக்கு மேலே கை மட்டும் தெரிந்திருக்கும் போல. வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த தெய்வானையக்கா, “யாருங்க அது, ஏதாச்சும் ஒத்தாசை வேணுங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்ன குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்து மாடிக்கும் செய்தி போய்விட்டது.

இந்த வம்பே வேண்டாம் என்றுதான் இப்போது புது வகை வந்திருக்கிறது. இது உடம்புச் சூட்டைப் பார்க்கும். அசையாமல் உட்கார்ந்தாலும் ஆள் ஆள்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. கூரையில் மாட்டினால் கீழே உள்ள நான்கு நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும். முகம் தெரியாது, பேர் தெரியாது. திரையில் நாற்காலி எண்ணும், ஆள் இருந்தால் ஓர் ஆரஞ்சுப் புள்ளியும்தான். ஆள் இருக்கும் பக்கம் மட்டும் விளக்கும் ஏசியும் ஓடும். எந்த நாற்காலி எத்தனை மணி நேரம் காலி என்று வியாழன்தோறும் ஆபீஸ் மேலிடத்துக்குப் பட்டியலும் போகும்.

பெட்டியில் ஓர் அம்புக்குறி உண்டு. அது சன்னலைப் பார்த்து இருக்க வேண்டும். “அதை மட்டும் மறந்துறாதீங்க மாசிலாமணியண்ணா” என்று பென்னி சார் மூன்று முறை சொன்னார். சைட் இன்ஜினியர், என் வயதில் பாதி. முப்பது வருடமாக வயர் இழுக்கிறவனிடம் அம்புக்குறியைப் பற்றிச் சொல்கிறார். தினமும் செய்த வேலையை எழுதி வைக்கச் சொல்லி இந்த நோட்டையும் அவர்தான் கொடுத்தார். வேலையை எழுதிய பிறகும் பக்கம் மிச்சம் இருக்கிறது. பத்தாம் வகுப்பும் ஐடிஐ வயர்மேனும் படித்தவன் வெற்றுப் பக்கத்தைச் சும்மா விடுவானா?

ஜூன் 2, செவ்வாய்

மூன்றாம் மாடியில் பதினொன்று மாட்டினேன்.

சாயந்திரம் வீட்டுக்குள் காலை வைத்ததும் கோமளா ஒரு போட்டோவை நீட்டினாள். மகள் வினோதினிக்கு வந்த ஜாதகங்களில் அன்னூர்ப் பக்கத்து ஜாதகம் எட்டுப் பொருத்தம். பையன் பேர் யுவராஜ். ஒரு வாரமாக இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு இன்றுதான் தெரியும். வீட்டில் செய்தி வரும் வரிசையில் நான் எப்போதும் கடைசி.

வேலை எங்கே என்றேன். சரவணம்பட்டி என்று ஆரம்பித்து, கடைசியில் அது என் கட்டடம், என் மூன்றாம் மாடி என்று வந்து நின்றது.

“பாத்துட்டு மட்டும் வாங்க. நீங்க யாருன்னு சொல்லிறாதீங்க. பதினாலாந்தேதி வர்றாங்க, அதுக்குள்ள ஆளு எப்படின்னு தெரிஞ்சா நல்லது” என்றாள் கோமளா.

வினோவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தை ஆராய்கிறவள், கேள்விக்கு நேராகப் பதில் சொல்வாள். இன்று, “நல்லா பேசறாருப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். அரை மணி கழித்துத் துணி இல்லாமல் இறங்கி வந்தாள்.

ஜூன் 4, வியாழன்

இன்று மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்று எழுதக் கூடாது, இன்னும் எதுவும் முடிவாகவில்லை. பையனைப் பார்த்தேன்.

இருபத்தேழாம் நாற்காலி. அதற்கு நேர் மேலேதான் பதினான்காம் பெட்டி வர வேண்டும். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் ஒல்லி. நான் ஏணியை விரித்ததும் எழுந்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்றேன். “பரவால்லைங்க, தரை வழுக்குது. பாத்து ஏறுங்க” என்றான்.

ஏறிவிட்டேன். ஐந்தாம் படியில் நின்று கீழே பார்த்தால் என் காலுக்கு நேர் கீழே அவன் தலை. எனக்குக் கைகால் ஓடவில்லை. நாளைக்கே சம்பந்தம் முடிந்தால், தாம்பூலம் வைத்து உட்காரவைக்க வேண்டிய ஆள். அவன் உச்சந்தலைக்கு மேல் என் செருப்பு. அதில் அவிநாசி ரோட்டுச் சேறு வேறு. ஒரு துளி விழுந்திருந்தால்? பெட்டியைப் பொருத்தி, திருகி, மூடியைப் போட்டு, எப்படி இறங்கினேன் என்று தெரியாமல் இறங்கினேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கும் சோதனை உண்டு. மாட்டியவன் நான்கு நாற்காலியிலும் உட்கார வேண்டும். கீழே திரைக்கு முன்னால் இருப்பவர் சரியான எண்ணில் புள்ளி வருகிறதா என்று போனில் சொல்ல வேண்டும். அதற்கு அவனை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். பெண் கொடுக்கப் போகிறவன், மாப்பிள்ளையாக வரப்போகிறவனைப் பார்த்து “எழுந்திருப்பா, நான் உட்காரணும்” என்று எந்த வாயால் சொல்வது? காலத்துக்கும் நிற்கிற பேச்சு அது. நான்கு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன்.

ஒன்று கவனித்தேன். இந்த ஆபீஸில் எல்லோரும் என்னை அண்ணா என்கிறார்கள், இரண்டு பேர் ப்ரோ என்கிறார்கள். இந்தப் பையன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏணி பிடித்தான், தண்ணீர் பாட்டில் கொடுத்தான், ஆனால் முறை வைத்து ஒரு வார்த்தை இல்லை. கொஞ்சம் தலைக்கனமோ என்று குறித்துக்கொண்டேன். அதோடு, வேலை நேரத்தில் ஏணி பிடிக்க ஒருவனுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?

ஜூன் 6, சனி

பழகிக்கொள்ள ஓர் உபரிப் பெட்டியை பென்னி சாரிடம் கேட்டு வாங்கி வந்து ஹாலில் மாட்டினேன். போன் திரையில் மூன்று புள்ளி. நான், கோமளா, வினோ. கோமளா இட்லிக் குண்டானை இறக்கி ஹாலுக்குக் கொண்டு வந்ததும் நான்காவதாக ஒரு புள்ளி வந்தது, எங்கள் மூன்று பேரையும்விடப் பெரிதாக.

“இந்த வீட்ல அதுக்குத்தான் மரியாதைன்னு மெஷினுக்கே தெரிஞ்சு போச்சு” என்றாள் வினோ. சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு. வெகு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, திங்கள்

இன்று முதல் எனக்கு ஏணியோடு கீழ்த்தளத்தில் திரையும் உண்டு. நாற்காலி, விளக்கு, ஏசி, மாடி முழுக்க என் கண்ணுக்கு முன்னால். ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தேழில் புள்ளி இல்லை. பத்து மணிக்கு இல்லை, பன்னிரண்டுக்கு இல்லை, மூன்றுக்கும் இல்லை. அதே மேசைக் கூட்டத்தில் குறுக்கே இருக்கும் முப்பதாம் நாற்காலியைப் பார்க்க வேண்டும். காலை ஒன்பதே காலுக்கு வந்த புள்ளி, சாப்பாட்டுக்கு மட்டும் போய், சாயந்திரம் ஆறரை வரை அடுப்பு மாதிரி எரிந்தது. உழைப்பாளி என்றால் அவன் உழைப்பாளி.

இரண்டு முறை மேலே போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் யுவராஜ் நாற்காலியில்தான் இருந்தான். கெட்டிக்காரன், ஆள் வரும் சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறான். நான் பார்ப்பது அரை நிமிடம், மெஷின் பார்ப்பது ஒன்பது மணி நேரம். என் கண்ணுக்கோ இலவச முகாமில் கொடுத்த கண்ணாடி. எதை நம்புவது?

ஜூன் 9, செவ்வாய்

இன்றும் இருபத்தேழு காலி. கோமளாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது மணி நேரத்தில் ஒன்பது நிமிடம்கூட நாற்காலியில் இல்லாதவன், நாளைக்கு வீட்டில் எப்படி இருப்பான் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். சமையலறையில் இருந்த வினோ வெளியே வந்தாள்.

“நீங்க நேர்ல பாத்தப்ப அவரு இருந்தாருங்களாப்பா?”

இருந்தார், ஆனால் மெஷின் பொய் சொல்லாது என்றேன்.

“லேப்ல வேலை செய்யறவகிட்டயே இதைச் சொல்றீங்க. எங்க மெஷினைத் தினமும் காலைல சோதிச்சு பாத்துட்டுத்தான் நாங்க நம்புவோம். நீங்க சோதிச்சீங்களா?”

சோதித்து டிக் போட்டிருக்கிறது என்றேன். டிக் போட்டிருந்தது உண்மைதானே. அவள் தேய்க்க எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலையை மடித்துத் திரும்பப் பீரோவில் வைத்தாள்.

ஜூன் 10, புதன்

காலையில் மூன்றாம் மாடியில் தெய்வானையக்கா மேசை துடைத்துக்கொண்டிருந்தார். முப்பதாம் நம்பர்த் தம்பி ரொம்ப உழைப்பாளி போலிருக்கிறதே என்று பேச்சுக்குச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அந்தத் தம்பி பெங்களூர் போயி ரெண்டு வாரமாச்சுங்களே. நானே அந்தச் சேர்ல தூசி தட்டிட்டு இருக்கறேன்.”

ஏணியை எடுத்து வந்தேன். பதினொன்றேகால் இருக்கும். யுவராஜ் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தான். ஏறினேன். இறங்கினேன்.

மதியம் சாரல். கோமளா எலுமிச்சை சாதம் கட்டியிருந்தாள், உப்புக் குறைவு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 11, வியாழன்

நான்காம் மாடியில் பதினாறு பெட்டி. வாரப் பட்டியல் நான்கு மணிக்கு மேலிடத்துக்குப் போய்விட்டது.

வினோவுக்கு இன்று இரண்டாம் ஷிப்ட். ஹாலில் மாட்டிய பெட்டியைக் கழற்ற மறந்தே போனேன். போனைத் திறந்தால் இரண்டு புள்ளி. கோமளா தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள், ஒன்று. கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஜூன் 12, வெள்ளி

இரவுச் சாப்பாடு. வினோ எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“அவரை இன்னைக்கு ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாங்களாம். நாளெல்லாம் சீட்ல இல்லாம எங்க போறீங்க, எழுதிக் குடுங்கன்னு. திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க.”

கோமளா கையைத் தட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“அவரு சிரிச்சுட்டேதான் சொன்னாரு. எனக்குத்தான் சிரிப்பு வரலை” என்றாள் வினோ. ரசம் தட்டு விளிம்பு வரை வந்திருந்தது. போதும் என்று நானும் சொல்லவில்லை.

அவள் அறைக்குப் போன பிறகு கோமளா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அன்னூருக்குச் சொல்லிவிடவா, இல்லையா, உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள். காலையில் சொல்கிறேன் என்றேன். இந்த வீட்டில் என் வாயால் ஒன்றைச் சொல்லச் சொல்வது வருடத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் இன்றைக்கு வர வேண்டுமா?

ஜூன் 13, சனி

ஏழரைக்கே போய் பென்னி சார் பைக்கை நிறுத்தும் இடத்தில் நின்றேன். பதினான்காம் பெட்டியைத் திருப்பி மாட்டிவிட்டேன் என்றேன். அம்புக்குறி கதவைப் பார்க்கிறது, அதனால் இருபத்தேழில் உட்கார்ந்தவன் முப்பதில் தெரிகிறான், முப்பதின் காலி இருபத்தேழில் தெரிகிறது.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. “சோதனை பண்ணி டிக் போட்டிருக்கீங்களே.”

“உக்காந்து பாக்கலைங்க சார்.”

“ஏன்?”

காரணத்தைச் சொன்னேன். ஏணி, அவன் தலை, என் செருப்பு, எல்லாம். அவர் ஊர் நாகர்கோவில் பக்கம். மாப்பிள்ளை மரியாதை அங்கேயும் உண்டு என்று நினைத்தேன். இருக்கும்தான், ஆனால் ஏணி மேலே இல்லை போலிருக்கிறது. பத்து நிமிடம் திட்டினார். மரியாதையாகவே திட்டினார், ஒவ்வொரு வரியிலும் அண்ணா இருந்தது. ஒரு பெட்டியில் பொய் டிக் இருந்தால் மூன்றாம் மாடியின் நாற்பத்தாறு பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும் என்றார். “எல்லாச் சேர்லயும் உக்காந்து காட்டுங்க. நான் கீழ இருந்து பாக்கறேன்.”

நூற்று எண்பத்து நான்கு நாற்காலி. சனிக்கிழமை, ஆள் இல்லாத மாடி. உட்கார்ந்து, போனில் எண் சொல்லி, புள்ளி வரும்வரை காத்திருந்து, எழுந்து, அடுத்தது. அறுபதாவதில் இடுப்பு பேச ஆரம்பித்தது. நூறாவதில் முழங்காலும் சேர்ந்துகொண்டது. ஒருவர் நாற்காலியில் பட்டு மெத்தை, ஒருவர் நாற்காலியில் சக்கரம் இல்லை. ஒன்று என்னை அப்படியே பின்னால் சாய்த்துப் படுக்கவைத்தது. படித்துப் பெரிய வேலைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். இடுப்பு வலிதான் வந்திருக்கும்.

பதினான்காம் பெட்டியைத் திருப்பிச் சரியாக மாட்டினேன். பிறகு இருபத்தேழில் உட்கார்ந்தேன். மேசையில் ஒன்றும் இல்லை, ஒரு காய்ந்த பேனாவும் மடித்த கைக்குட்டையும் மட்டும். கொஞ்ச நேரத்தில் போனில் பென்னி சார், “இருபத்தேழு வந்துருச்சுண்ணா” என்றார். உடனே எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவரே இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, தூங்கிட்டீங்களா?” என்றார்.

வேறு எதிலும் பிழை இல்லை. மேலிடத்துக்குத் திருத்தம் எழுதினார். மாட்டியவர் தவறு என்று மட்டும் போட்டிருந்தார். என் பேரைப் போடுங்கள் சார் என்றேன். அடுத்த மாதம் ஆரம்பிக்கும் ஆஸ்பத்திரி வேலையில் என்னைத் தலைமை ஆளாகப் போட இருந்தாராம். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பேர் போட்டார்.

கோமளாவுக்குப் போன் பண்ணி, வரச் சொல் என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

வந்தார்கள். எட்டுப் பேர். வினோ அதே பட்டுச் சேலை. எல்லோரும் உட்கார்ந்ததும், கேசரி வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். உங்கள் பையன் நாற்காலியில் இல்லை என்று ஆபீஸுக்குப் பட்டியல் போனதற்கு நான்தான் காரணம், பெட்டியைத் திருப்பி மாட்டிய முட்டாள் உங்கள் எதிரில்தான் நிற்கிறேன் என்றேன். கோமளா கேசரித் தட்டோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

யுவராஜின் அம்மாதான் முதலில் சிரித்தார். “இவன் வீட்லயும் இப்படித்தானுங்க. சாப்பிடக் கூப்பிட்டா ஹால்ல இருப்பான், போய்ப் பாத்தா மாடில இருப்பான்.” அதற்குப் பிறகு அவன் அப்பாவும் சிரித்தார். கேசரி வந்தது. தட்டு மாற்றிக்கொள்ள ஆவணியில் நாள் பார்ப்பதாகப் பேசினார்கள்.

கடைசியில் செடி காட்டுகிறேன் என்று யுவராஜை மாடிக்குக் கூட்டிப் போனேன். எங்கள் மாடியில் இருப்பது இரண்டு தொட்டி. ஒன்றில் கற்றாழை, இன்னொன்றில் வெறும் மண். தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். அவன் கேட்கவிடவில்லை.

“நீங்க ஏணி போட்டப்பவே தெரியுமுங்க நீங்க யாருன்னு. ஹெல்மெட் போட்டுட்டு நிக்கற உங்க போட்டோவ வினோதினி முன்னாடியே அனுப்பியிருந்தா. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, அப்பா கூச்சப்படுவாருன்னு சொன்னா.”

பத்து நாள் நான் பையனை வேவு பார்த்திருக்கிறேன். பையன் பத்து நாளும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

“அப்ப ஏன் ஒரு வார்த்தை கூப்பிடலை? எல்லாரும் அண்ணான்னுதானே சொன்னாங்க?”

“அண்ணான்னு கூப்பிட்டா முறை தப்பிப் போயிருமுங்க. மாமான்னும் கூப்பிட முடியாது. அதான் ஒண்ணுமே கூப்பிடலை.” பிறகு, ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி, “இப்பக் கூப்பிடலாமுங்களா, மாமா?” என்றான்.

கூப்பிடச் சொன்னேன். என்னைத் தலைக்கனம் என்று இவன் எழுதி வைக்காமல் இருந்தால் சரி.

கீழே இருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். படிக்கட்டில் கால் வைத்தவன் திரும்பி, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். “திருப்பி மாட்டியிருக்கறது எப்பங்க மாமா தெரிஞ்சுது?”

“நேத்துக் காலைலதானுங்க மாப்ள” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

எல்லோரும் கிளம்பியதும் ஹாலில் இருந்த பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த நோட்டில் புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எலுமிச்சை சாதம், உப்புக் குறைவு என்று இருக்கிறது. அன்றைக்கு ஏணி உச்சியில் மூடியைத் திறந்தேன். அம்புக்குறி கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. திருப்ப ஒரு நொடி போதும். கீழே யாரும் ஏணி பிடிக்கவில்லை, எந்த அவசரமும் இல்லை. ஹாலில் போன் திரையில் பார்த்த எங்கள் மூன்று புள்ளி நினைவுக்கு வந்தது, மூடியை அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.